மண்ணில் நட்ட மரச்செடி

பங்குனி வெயிலில் காட்டுக்குள் நடந்தவன், மரக்கிளையைப் பற்றிக்கொண்டு பூத்திருந்த ஒரு செடியைக் கண்டு நின்றுவிட்டேன். ஒல்லாந்தர் இதை ஆர்க்கிஸ் என்பார்கள். அந்த மணம்! உடனே எனக்கு ஏழு வயது.

ஒல்லாந்தர் கப்பலில் வேலைக்குப் புறப்பட்ட நைனா, இதே செடியொன்றைக் கையில் கொடுத்தார். “இது மறுபடி பூக்கறப்ப வந்துடுவேன்டா.”

“இன்னா, எனக்கு மீசை மொளைக்கறப்பவா?” என்றேன். சிரித்துக்கொண்டே தோணியில் ஏறினார்.

மரத்தில் காற்றைக் குடித்து வாழும் செடியை வாசல் மண்ணில் ஆழமாக நட்டு, தினமும் குடம் குடமாக ஊற்றினேன். வேர் அழுகிவிட்டது.

“அடப்பாவி, பொதைச்சிட்டியேடா!” என்று அக்கா தலையிலடித்துக்கொண்டாள்.

நைனா வரவில்லை. கப்பல் முழுகியது என்றும், போன இடத்திலேயே தங்கிவிட்டார் என்றும் பேச்சு. நான்தான் காரணமென்று யாரிடமும் சொல்லவில்லை. இன்றும் கடலில் பாய்மரம் தெரிந்தால் ஓடிப்போய் நிற்கிறேன்.