இருபது மைக்ரான்

என் பங்குதாரரிடம் பொய் சொன்னேன். அதையும் அளந்துதான் சொன்னேன்... இருபது மைக்ரான்!

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். இத்தனை வயதில் என்னால் பிறருக்குத் தர முடிந்தது அது ஒன்றுதான்.

பாலாநகரில் எங்கள் பட்டறை. விமானக் கருவிகளுக்கு நுண்ணிய உலோகப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். கடைபவர் முனிரத்தினம், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழர். பேசுபவன் நான். முதல் நாளே செய்துகொண்ட ஏற்பாடு: நான் லேத்தைத் தொடுவதில்லை, அவர் தொலைபேசியைத் தொடுவதில்லை. வாடிக்கையாளர் வந்தால் முன்னறைப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார்.

“நக்கோ சார், வேணாம். பேச்செல்லாம் நீங்களே பாத்துக்குங்க” என்பார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. பிறகு உலோகப் பாகங்களையே முப்பரிமாணத்தில் அச்சடிக்கும் எந்திரங்கள் வந்தன. எங்கள் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஐயோ, முனிரத்தினத்தின் கைகளுக்கு இனி என்ன கதி என்று நான் உருகினேன். எவ்வளவு பெருந்தன்மை!

அப்போதுதான் கணினி நிறுவனங்கள் நிறைந்த மாதாப்பூரிலிருந்து தேஜஸ்வினி வந்தார். அத்தகைய எந்திரங்களை வைத்து நிறுவனம் நடத்தும் இளம்பெண். என் பிரசங்கத்தை ஐந்து நிமிடம் கேட்டார். முனிரத்தினத்தின் லேத் அருகே ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். கிளம்பும்போது ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: அச்சடித்த பாகங்களைக் கடைசியாகக் கடைந்து முடிக்க இப்படியொரு கை எங்கும் கிடைக்கவில்லை, அவரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்கிறோம், ஆர்டர் பிடிப்பதெல்லாம் இணையத்திலேயே நடந்துவிடும், நீங்களே அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

என்னை என்ன செய்வதாக உத்தேசம் என்று நான் கேட்கவில்லை. விடைதான் தெரிந்துவிட்டதே! காலம் கையை விழுங்க வரவில்லை... வாயை விழுங்க வந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, முனிரத்தினத்துக்குப் புதியதில் விருப்பமில்லை என்று தேஜஸ்வினிக்கு எழுதினேன். முனிரத்தினத்திடம், “அந்த மேடத்துக்கு நம்ம வேலையில துல்லியம் பத்தலயாம்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “எத்தினி மைக்ரான் சார்?”

அவரிடம் கணக்கில்லாமல் குறை சொல்ல முடியாது. “இருபது” என்றேன். ஒரு தலைமயிரின் தடிமனில் கால் பங்குதான்.

“ஹவ்... இருக்கும்” என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்த இருபது மைக்ரானை அன்றிலிருந்து தேடுகிறார். லேத்தைப் பிரித்து மாட்டினார். பேரிங்கை மாற்றினார். மூக்குக்கண்ணாடியை மாற்றினார். கை நடுங்குகிறதோ என்று காப்பியை விட்டார். இல்லாத பிழையைத் தேடும் மனிதனை நீங்கள் பார்த்ததுண்டா? நான் தினமும் பார்க்கிறேன். முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, காப்பி குடித்துக்கொண்டு.

இதற்கிடையில் தொழில்முனைவோர் சங்கத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். தலைப்பு: மாறும் காலத்தில் கூட்டாண்மை. பேசினேனே! பங்குதாரர்களுக்குள் ஒளிவுமறைவு கூடாது என்றேன். சால்வை போர்த்தினார்கள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் மூன்றாம் வரிசையில் முனிரத்தினம் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தேஜஸ்வினியின் நிறுவனம் புனேயில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. எங்கள் பட்டறையில் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வேலை இருந்தால் அதிகம்.

சென்ற மாதம் முனிரத்தினம் புதிதாகக் கடைந்த பாகமொன்றைத் துணியில் துடைத்து, என் மேசைமேல் வைத்தார்.

“மெஷின்ல தப்பு இல்ல சார். அப்போ என் கையிலதான். அந்த மேடத்த ஒரே ஒரு தபா வரச் சொல்லுங்க. ஆர்டர்லாம் நக்கோ. எங்க தப்பு பண்றேன்னு காட்டுனா போதும்.”

சொல்லியிருக்கலாம். அங்கேயே, அப்போதே... வாயால் பிழைத்தவன் அல்லவா நான்! “கேக்கறேன்பா” என்றேன்.

“தேங்க்ஸ் சார்” என்றார்.

இன்று காலை வாசலில் நின்று கேட்டார்: “மேடம் என்ன சொன்னாங்க சார்?”

“ஊர்ல இல்லயாம்” என்றேன்.

“வரட்டும் சார், பரவால்ல” என்று உள்ளே போனார்.