சவுண்டக்காவும் ஐம்பத்தைந்து டெசிபலும்

அவளை எல்லோரும் சவுண்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தையல் மெஷின் கடைக்குக் கீழே பதினாலு படி இறங்கினால் ஒரு கூடம். அறுபது நாற்காலி, கட்டில் அளவுக்கு ஒரு மேடை, பழைய மெத்தைகளை ஆணியடித்த சுவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கச்சேரி. சொந்தமாகப் பாட்டு எழுதிக்கொண்டு வேறெங்கும் மேடை கிடைக்காமல் அலைகிறவர்கள் அங்கே வாசிப்பார்கள். மூலையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தால், அவர் வாய் திறந்து சொல்வதற்குள் அவள் விரல் குமிழைத் திருப்பியிருக்கும். பத்தொன்பது வருஷமாக இதே மூலை. மற்ற நாட்களில் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பாள்.

அந்த வருஷம் நகராட்சி புதிய விதி கொண்டுவந்தது. கூடத்தின் வெளிச்சுவரில் சத்தம் ஐம்பத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. பாடப்போகும் பாட்டுகளின் பட்டியலை முப்பது நாள் முன்னாலேயே கொடுத்து அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

“முப்பது நாளா?” என்று டிரம்ஸ்காரன் தலையில் கை வைத்தான். “நாங்க பாட்டு எழுதறதே வெள்ளிக்கிழமைதானேக்கா!”

சவுண்டக்கா சத்தம் அளக்கும் தன் மீட்டரை எடுத்துக்கொண்டு வெளிச்சுவருக்குப் போனாள். கூடத்தில் ஈ காக்கை இல்லை. கதவும் சாத்தியிருந்தது. மீட்டர் அறுபத்தொன்று காட்டியது. தெருவில் ஒரு பஸ் முக்கிக்கொண்டு மேடேறிக்கொண்டிருந்தது. அதைக் குறித்துக்கொண்டு நகராட்சிக்குப் போனாள்.

“அது போக்குவரத்துச் சத்தம்மா,” என்றார் அதிகாரி. “அதுக்கு வேற பிரிவு. மூணாவது மாடி.”

மூன்றாவது மாடியில் கேட்டால், கச்சேரி விஷயம் என்றால் கீழே போகச் சொன்னார்கள். இப்படி நாலு தடவை ஏறி இறங்கியதில் அவளுக்கு முட்டி வீங்கியதுதான் மிச்சம். ஐந்தாவது தடவை அதிகாரிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“உங்க பேர்ல ஒரு புகாரும் இருக்கும்மா. பக்கத்து அடுக்குமாடியில இருந்து. அவங்களைப் பார்த்துப் பேசுங்களேன்,” என்றார்.

புகார் கொடுத்தவள் ஒரு நர்ஸ். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவள். கலைந்த தலையோடு கதவைத் திறந்தவளைப் பார்த்ததும், வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் சவுண்டக்காவுக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. அலைச்சலில் தூக்கம் கெட்டிருந்த தன் கண்ணிலும் அதே கலக்கம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“எனக்குப் பாட்டு வேணாம்னு இல்லக்கா,” என்றாள் நர்ஸ். “அந்த டமடமதான். தலைகாணி வழியா மண்டைக்குள்ள வந்து இடிக்குது.”

“எந்த ரூம்ல படுக்கறீங்க? காட்டுங்க.”

இருவரும் கட்டிலைத் தூக்கி எதிர்ச்சுவரோரம் போட்டார்கள். மறுவாரம் சவுண்டக்கா மேடைக்கடியில் ரப்பர் தட்டுகளைச் செருகினாள். அடுத்த ஞாயிறு நர்ஸ் ஆறு மணி வரை அசையாமல் தூங்கினாள். திங்கட்கிழமை அவளே போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தாள். பயனில்லை. ஒருமுறை எண் போட்ட புகார் தானாகவே விசாரணைக்கு வந்துவிடுமாம். திரும்பப் பெறுவதற்குப் படிவமே கிடையாதாம்.

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. விசாரணைக் குழுத் தலைவர் பேச ஆரம்பித்ததும் மைக் ஊளையிட்டது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கத்திப் பேசினார். அது இன்னும் கத்தியது. சவுண்டக்கா பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், மைக்கைப் பார்த்திருந்த ஸ்பீக்கரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, மைக்கை அவர் வாய்க்கு ஒரு சாண் கீழே இறக்கி, இரண்டு குமிழைத் தொட்டாள். மண்டபம் அமைதியானது.

“ரொம்ப நன்றிம்மா,” என்றார் தலைவர். அப்புறம், கடைசி வரிசைவரை ஒரு எழுத்து பிசகாமல் கேட்கும்படி, கூடத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதாக வாசித்தார்.

விசாரணைக்கு வந்திருந்த நர்ஸ் சவுண்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னாலதானேக்கா...”

“உன்னால ஒண்ணும் இல்லம்மா. நீ போய்த் தூங்கு. சாயங்காலம் வேலைக்குப் போகணும்ல.”

எட்டு மாதம் கூடம் பூட்டிக் கிடந்தது. மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்து, கடைசியில் ஒரு அனுமதி வந்தது: டிரம்ஸ் கூடாது, மைக் கூடாது, ஸ்பீக்கர் கூடாது, நாற்பது பேருக்கு மேல் கூடாது. அதற்குள் டிரம்ஸ்காரன் தண்ணீர் லாரி ஓட்டப் போய்விட்டான். மற்றவர்கள் கிதாரும் வெறும் தொண்டையுமாக வந்தார்கள். “நீங்க வந்தே ஆகணும்க்கா,” என்று அவளை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

பாட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் வார்த்தை கரைவது அவளுக்குத் தெரிந்தது. இடது பக்கக் கிதார் குரலை அமுக்குவதும் தெரிந்தது. எழுந்து போய்ச் சரிசெய்ய எதுவும் இல்லை. எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார். “எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் பாடினாங்க.” செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். “ரெண்டு மணி நேரம் கையை எங்க வெச்சுக்கறதுன்னுதாங்க எனக்குத் தெரியல.”

அவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.