பன்னிரண்டு மணிச் சங்கும் ஒரு வான்கோழியும்

எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. வெர்லின் ஸ்டாம்ப்ஸ் ஓட்டும் மஞ்சள் பேருந்து தபால் ஆபீஸ் வளைவில் திரும்பினால் மணி ஏழு பன்னிரண்டு. முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். பனி கொட்டினாலும் ஓடையில் வெள்ளம் வந்தாலும் ஏழு பன்னிரண்டு. என் தங்கை நடீனின் புருஷன் என்பதால் அவனைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. கல்யாண நாளன்று மாதா கோயிலில் மணப்பெண் நான்கு நிமிடம் தாமதமாக வந்ததை இன்றுவரை சொல்லிக் காட்டுகிற மனிதன் அவன்.

அவனிடம் எனக்கும் தனியாக ஒரு நான்கு நிமிடக் கணக்கு உண்டு. எங்கள் மிசூரியில் வசந்தகால வான்கோழி வேட்டை பகல் ஒரு மணியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் துப்பாக்கி வெடித்தால் குற்றம். கைபேசி இல்லாத அந்தக் காலத்தில் ஒரு ஏப்ரல் மாதம், என் வாழ்நாளிலேயே பெரிய சேவல் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினேன். தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், என் சமையலறையில் உட்கார்ந்து, என் மனைவி போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, என் வீட்டு ஃபோனிலேயே வேட்டைக் காவலரிடம் பேசிக்கொண்டிருக்கிறான் வெர்லின்.

"ஆமா சார், ஆர்லிஸ்தான். என் மச்சான்தான். ஒண்ணு நாலுக்கு வெடிச்ச சத்தம் கேட்டேன். வாட்சப் பாத்தேன் சார்."

சேவல் போயிற்று, அபராதமும் கட்டினேன். எட்டு மாதம் நான் அவனோடு பேசவில்லை. அவன் கவலைப்படவே இல்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் எதிரே உட்கார்ந்து, "உருளைக்கிழங்க இப்படித் தள்ளு மச்சான்" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஆனால் வான்கோழி என்று வந்துவிட்டால் வெர்லினைப் போல ஒரு பைத்தியத்தை எட்டு மாவட்டத்தில் தேடினாலும் பார்க்க முடியாது. எங்கள் நாட்டில் வசந்தம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. தெற்கிலிருந்து நடந்துதான் வரும். வெர்லின் அதன் கூடவே நடப்பான். மார்ச்சில் பள்ளி விடுமுறை விட்டதும் ஃப்ளோரிடாவின் தென்கோடிக்குப் போய் கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பான். அங்கே அப்போதே சேவல்கள் கூவத் தொடங்கியிருக்கும். அடுத்து அலபாமா, அங்கே பொழுது சாயும்வரை சுடலாம். ஏப்ரல் மூன்றாவது திங்களன்று எங்கள் சீசன் திறக்கும். ஒரு சனி ஞாயிறு நெப்ராஸ்கா, இன்னொன்று கென்டக்கி. பள்ளி மூடியதும் மே கடைசியில் நியூயார்க்கின் மலைகள், அங்கே நண்பகலோடு கடையைக் கட்ட வேண்டும். எந்த ஊரில் எந்த நேரம்வரை, எத்தனை சேவல், எல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிப் பேருந்தின் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருப்பான்.

இப்படி எட்டு மாநிலத்தில் சுட்டவன், தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஓர் இறகைக்கூட எடுத்ததில்லை. ஊரே சிரித்தது. காரணம், நாங்கள் பாதிரி என்று பெயர் வைத்திருந்த ஒரு கிழட்டுச் சேவல். விடிந்ததிலிருந்து பெட்டைகளோடு சுற்றிக்கொண்டு ஒரு சத்தமும் போடாது. பெட்டைகள் முட்டையிட ஒவ்வொன்றாகக் கழன்று போனதும், நண்பகல் தாண்டித் தனியாக நின்று தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணும். மெல்ல மெல்ல நம்மை நோக்கி வரும். சுடுகிற தூரத்துக்கு அது வரும்போது மணி ஒன்று ஐந்து ஆகியிருக்கும். நான்கு வசந்தம் இப்படியே போனது.

"வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்கன்சா. அங்க சாயங்காலம் வரைக்கும் சுடலாமாம். பாதிரியக் கொஞ்சம் வேலி தாண்டிப் போகச் சொல்லேன் மாப்ள" என்பேன்.

"அங்க சீசன் எப்பவோ மூடியாச்சு. உனக்கு அதுவும் தெரியாது" என்பான் அவன், சிரிக்காமல்.

ஐந்தாவது வசந்தம்தான் கடைசி. குன்றுக்குச் சொந்தக்காரர்கள் அதன் மரங்களை விற்றுவிட்டார்கள், ஜூனில் ரம்பத்தோடு ஆட்கள் வரப்போகிறார்கள். மரம் போனால் பாதிரியும் போய்விடும். சீசனின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பகல் ஒரு மணிக்குள் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் வெர்லினின் வாழ்நாளில் அந்தக் குன்றுச் சேவல் இல்லை. வாய்விட்டுச் சொல்லமாட்டான். ஆனால் வாரம் முழுக்க அவன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை என்று நடீன் என்னிடம் சொன்னாள்.

அப்படிப்பட்ட வாரத்திலும் சனிக்கிழமை கென்டக்கிக்குப் போய்விட்டு வந்தான். அங்கே மகள் வீடு இருக்கிறது. இரவெல்லாம் வண்டி ஓட்டி, ஞாயிறு விடியுமுன் நேராகக் குன்றடிக்கே வந்து சேர்ந்தான். நானும் பேசிவைத்த நேரத்துக்குத்தான் போனேன். வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு வாட்சை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஒரு மணி நேரம் லேட்டு மச்சான். இந்த நாள்லயாவது சீக்கிரம் எழுந்திருக்கக் கூடாதா?"

என்னிடம் வாட்ச் கிடையாது, வேட்டைக்குக் கைபேசியும் கொண்டுபோவதில்லை. வீட்டு அலாரம்தான் கெட்டுப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். மேலே ஏறி ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். பொழுது விடிய வெகு நேரமாயிற்று. "மேகம் ரொம்பக் கட்டியிருக்கு" என்றான் வெர்லின். அந்த மனிதன் சூரியனைச் சந்தேகப்பட்டானே தவிர, தன் வாட்சைச் சந்தேகப்படவில்லை!

காலை முழுக்க ஒன்றுமில்லை. ஆறிய பிஸ்கட்டும் பன்றித்தொத்திறைச்சியும் தின்றோம். வெர்லின் பலகைக் கல்லில் குச்சியைத் தேய்த்துப் பெட்டையைப் போல மெல்லக் குரல் கொடுத்தபடி இருந்தான். அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள், அந்தக் கொக்கரிப்பு! என் முதுகு சிலிர்த்துவிட்டது. மறுபடி ஒன்று, இன்னும் கிட்டத்தில். இந்த வருடம் சீக்கிரமாகவே கிளம்பிவிட்டதே என்று நான் துள்ளிக் குதிக்காத குறை. துப்பாக்கி முழங்காலில் ஏறியது. மேட்டின் விளிம்புக்கு அப்பால் அது சிறகால் தரையைத் தேய்க்கும் சத்தம்கூடக் கேட்டது.

வெர்லின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை எடுத்துச் சருகில் போட்டான்.

"ஒரு மணி" என்றான்.

"மாப்ள, அது வந்துகிட்டே இருக்குடா!"

"ஒரு மணின்னா ஒரு மணி. எழுந்திரு, போலாம்."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. மூன்று மைல் தள்ளி ஊருக்குள்ளிருந்து தீயணைப்பு நிலையத்தின் சங்கு ஊதியது. நீளமாக, ஏறி இறங்கி. ஞாயிறு உட்பட எல்லா நாளும் பன்னிரண்டு மணிக்கு ஊதுகிற சங்கு.

பன்னிரண்டு மணிக்கு.

வெர்லின் வாட்சைப் பார்த்தான். சங்கு வந்த திசையைப் பார்த்தான். மறுபடி வாட்சைப் பார்த்தான். "கென்டக்கி" என்றான், பேயைக் கண்டவன் குரலில். "கென்டக்கில நேரம் நமக்கு ஒரு மணி முன்னாடி. முள்ளத் தள்ளி வச்சேன். திரும்ப வைக்கல."

"அப்ப நான் லேட்டு இல்ல!" என்றேன் நான். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

பெரிய சத்தம் எதைக் கேட்டாலும் சேவல் பதிலுக்குக் கூவிவிடும். பாதிரியும் சங்குக்குப் பதில் கொடுத்தது, மேட்டுக்கு அப்பால், கொளகொளவென்று, ஊருக்கே கேட்கும்படி. வெர்லின் சருகுக்குள் போட்ட தோட்டாக்களை நான்கு காலில் தவழ்ந்து தேடினான். நானும் தவழ்ந்தேன். கிடைத்தபோது சேவல் நின்ற இடத்தில் இல்லை. இவ்வளவு சரசரப்பைக் கேட்டுப் பள்ளத்தின் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு மச்சான்! முழுசா ஒரு மணி நேரம்!" கையைப் பிசைந்துகொண்டு சின்னப்பையன் மாதிரிச் சொன்னான். பிறகு வாட்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். "இனி என் கண்ண நான் நம்ப மாட்டேன். நீ திருத்தி வை. நீ பாத்துச் சொல்லு. ஒண்ணு ஆனா உடனே சொல்லிடணும்."

பக்கத்துத் திருகை இழுத்தேன். முள் நின்றது. ஒரு மணி பின்னால் தள்ளி, திருகை உள்ளே அமுக்கினேன். மறுபடி ஓடியது.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். ஐம்பத்தாறு வயது ஆட்கள் இரண்டு பேர், முள்ளுக்குள் புகுந்து, ஓடையில் முழங்கால்வரை நனைந்து, குன்றைச் சுற்றி மறுபக்கம் ஏறினோம். நான் மூச்சு வாங்கினேன். வெர்லின் வாங்கவே இல்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் பதுங்கி, இரண்டே இரண்டு தரம் கல்லைத் தேய்த்தான். பதில் வந்தது. கிட்டத்தில்!

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு அதன் தலை தெரிந்தது. சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக. பிறகு தோகை முழுதாக விரிந்தது. எழுபது கஜம். சுட நாற்பதுக்குள் வர வேண்டும். இரண்டடி வைக்கும், நிற்கும், பெட்டை எங்கே என்று பார்க்கும். ஐம்பத்தேழு. அறுபது கஜம். வெர்லினின் கன்னம் துப்பாக்கியில் ஒட்டியிருந்தது, காதோரம் வியர்வை ஓடியது. ஐம்பத்தொன்பது. ஐம்பது கஜம். நின்றுவிட்டது. அசையவில்லை. வா ராசா, வா என்று மனசுக்குள் கெஞ்சினேன். நொடி முள் பாதி வட்டத்தைத் தாண்டியது.

எனக்கு நாலு நிமிடம் தராதவன் அவன். நான் வாய் திறந்து 'ஒண்ணு' என்று சொன்னால் கணக்கு நேராகிவிடும். சத்தியமாக அப்படி ஒரு நினைப்பு வந்தது. ஆனால் என் கட்டைவிரல் நகம் திருகைப் பிடித்து இழுத்துவிட்டது. முள் நின்றது.

நான் மனசுக்குள் எண்ணினேன். அறுபது. இன்னொரு அறுபது. பாதிரி ஓர் அடி வைத்தது. இன்னும் ஓர் அறுபது. இரண்டடி, மூன்றடி, மரநிழலைவிட்டு வெயிலுக்கு வந்து கழுத்தை நீட்டியது.

வெடித்தது.

வெர்லின் ஓடினான், நான் திருகை அமுக்கிவிட்டுப் பின்னால் ஓடினேன். சேவலின் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அதன் சிறகை இரண்டு கையாலும் தடவி, தேம்பித் தேம்பி அழுதான். அழுதபடியே கையை நீட்டினான். வாட்சைக் கொடுத்தேன். பார்த்தான்.

"ஒண்ணு ஆகல" என்றான். "ஒண்ணு ஆகலடா மச்சான்!" என்னைக் கட்டிக்கொண்டான், முப்பது வருடத்தில் முதல் தடவையாக.

சுட்டதை அன்றே பெட்ரோல் பங்கில் பதிவு செய்வது எங்கள் ஊர் வழக்கம். அந்தச் சீட்டில் 'பன்னிரண்டு ஐம்பத்தொன்பது' என்று தன் கையாலேயே எழுதினான். பங்கில் நின்ற அத்தனை பேரிடமும் கென்டக்கி கதையைச் சொன்னான், தன்னையே கேலி செய்து. அவனை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. எனக்கும் தலைகால் புரியவில்லை.

திங்கள் காலை என் டயர் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தபால் ஆபீஸ் வளைவில் நாலைந்து தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "ஆர்லிஸ், வெர்லினுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

பேருந்து வந்தது. ஏழு பதினைந்துக்கு.

திருகை நினைவு வைத்து அமுக்கினேனே தவிர, அப்புறம் வாட்சை வாங்கி, நின்ற மூன்று நிமிடத்துக்கு முள்ளை முன்னால் தள்ளி வைக்க மறந்துவிட்டேன்.

மாலை நான்கு மணிக்கு, பிள்ளைகளை இறக்கிவிட்ட காலிப் பேருந்து என் கடை வாசலில் வந்து நின்றது. கதவு திறந்தது. வெர்லின் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான்.

"பன்னெண்டு மணிச் சங்கு ஊதறப்ப வாட்ச் பதினொண்ணு ஐம்பத்தேழு காட்டுச்சு" என்றான்.

"மாப்ள..."

"காவலருக்கு ஃபோன் பண்ணிட்டேன். வந்து சேவல எடுத்துட்டுப் போயிட்டார். சீட்டுல நான் எழுதின நேரம் தப்பு, என் வாட்ச் மூணு நிமிஷம் லேட்டுன்னேன். எப்படி லேட்டாச்சுன்னு அவர் கேக்கல. நானும் சொல்லல."

"ஏன்டா? யாருக்குத் தெரியப்போகுது? அவரே விட்டிருப்பாரே."

"விடறேன்னுதான் சொன்னார். மூணு நிமிஷம்தானே, வாட்ச் பண்ணின தப்புதானேன்னார்."

"அப்புறம் என்ன?"

வெர்லின் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என் மூணு நிமிஷத்த விட்டுட்டா, உன் நாலு நிமிஷத்துக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

கதவை மூடிக்கொண்டு பேருந்தைக் கிளப்பினான். டயர் கடை வாசலில் பட்டப்பகலில் நின்று நான் அழுதேன்.