ஓநாய்க்குப் போட்ட வாய்க்கட்டு

இது கட்டுக்கதை இல்லை. அசர்பைஜான் மலையடிவாரத்து எங்கள் ஸகத்தாலாவில் யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றுவார்கள். நான் மாற்றமாட்டேன். அதை வீட்டுக்கு ஓட்டிவந்தவனே நான்தான்.

எங்கள் பசு மறால், நிறைசினை. அதை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அன்று பொழுது சாய்ந்தும் அது திரும்பவில்லை. மேய்ப்பன் உமுத்தையும் காணோம். மலையிலோ ஓநாய்கள்.

இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. மடக்குக் கத்தியில் ஓதி, மூடி, நூலால் கட்டினால் ஓநாயின் வாய் கட்டிக்கொள்ளும். மாடு கிடைத்ததும் கத்தியைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓநாய் பட்டினியில் சாகும், பாவம் நம் தலையில். ஓதத் தெரிந்தவன் பக்கத்து வீட்டு பாலாகிஷி மட்டும்தான். வேலித் தகராறில் நாங்கள் இருவரும் கீரியும் பாம்பும்.

"மாட்டைக் கட்டத் துப்பில்ல, ஓநாயைக் கட்ட வந்துட்டான்!" என்று காறித் துப்பினான். ஆனாலும் கட்டினான்.

ருஷ்யர்கள் கட்டிய பழைய கோட்டைச் சுவரடியில் மறால் நின்றது. கூப்பிட்டதும் பின்னால் வந்தது. ஆனால்... கல் பாதையில் குளம்புச் சத்தமே இல்லை.

எங்கள் நாய் குரைக்காமல் படிக்கட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. மறால் வைக்கோலைத் தொடவில்லை. வாய் இறுகிக் கிடந்தது.

"கட்டு மாட்டு மேல விழுந்துடுச்சுங்க," என்றாள் என் மனைவி சனுபர். "கத்தியைத் திறக்கச் சொல்லுங்க. ஓடுங்க!"

ஓடினேன்.

"வேலியோரத்து மூணு மரமும் எனக்குன்னு சொல்லு. திறக்கறேன்," என்றான் பாலாகிஷி.

"எடுத்துத் தொலை!"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

டக்.

கத்தி திறந்தது.

அதே நொடி... எங்கள் தொழுவத்தில் சனுபர் அலறினாள்.

போய்ப் பார்த்தால், கதவை வெளியே தாழிட்டு, முதுகை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். தலைத்துணி கிழிந்து தொங்கியது.

"வாயைத் திறந்துச்சு..."

"தின்னுச்சா?"

"மேல்வரிசையிலயும் பல்லு இருந்துச்சுங்க."

மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது.

கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். தரையோடு தரையாக...

ஸ்ஸ்... ஸ்ஸ்...

விடியும்வரை நாங்கள் நகரவில்லை. விடிந்ததும் திறந்தோம். போட்ட தாழ் போட்டபடிதான் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அப்போதுதான் உமுத் வந்தான். அவன் கையில் ஒரு சாக்கு. சாக்கில் மறாலின் தலை.

"நேத்து மத்தியானமே ஓநாய் அடிச்சுடுச்சு அண்ணே. சொன்னா கொன்னுடுவீங்கன்னு ஒளிஞ்சுக்கிட்டேன்."

கத்தியைக் கட்டியது பொழுது சாய்ந்த பிறகு. அப்படியானால், மறாலைத் தின்றதன் வாயைத்தான் கட்டி, அதையே வீட்டுக்கு ஓட்டிவந்திருக்கிறேன்.