முட்டையோடு கட்டிய இரும்பு

மரியகொறற்றியை வாய் பிளக்க வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. மாதா சுரூபத்தின் கண்ணில் நீர் வடிகிறதென்று கொழும்பு கொட்டாஞ்சேனைச் சனம் அள்ளுண்டு ஓடிய நாளில், "கூரை ஒழுகியிருக்கும், ஏறிப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தவள் அவள். புதுக்கடை நீதிமன்றப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கட்லட் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். விடிந்தால் ஒரு தட்டு முட்டையை வரிசையாக உடைத்து ஊற்றுவாள். முட்டை என்றால் கட்லட்டை நனைக்கிற சாமான், அவ்வளவுதான்.

அவள் குடியிருந்த தோட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அடுத்த கதவு சீனியம்மாவுடையது. மலைநாட்டிலிருந்து வந்து மாநகரசபையில் தெருக் கூட்டுகிறவள், தனி ஆள். அவளுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரு சிவப்புக் கோழி. அந்தக் கோழியை வைத்து இரண்டு பேருக்கும் நடந்த சண்டைகளை எழுதினால் ஒரு பாரதம் வரும்.

"உன்ர கோழிக்கு என்ர வாசல்தான் கக்கூசோ?" என்பாள் மரியகொறற்றி.

"வாயில்லா சீவன்க்கா, அதுக்கு என்னா தெரியும்?" என்பாள் சீனியம்மா.

"அதுக்கும் சேர்த்து உனக்குக் கிடக்குதே வாய்!"

அப்படிப்பட்டவளிடம்தான் சீனியம்மா கோழியை விட்டுப் போக நேர்ந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஒபரேஷனுக்குத் திடீரென்று நாள் கொடுத்துவிட்டார்கள். கோழியோ அடை கிடக்கிறது. குஞ்சு பொரிக்க இன்னும் சில நாள்தான். "நீங்க பாத்துக்கிட்டா நான் நிம்மதியா படுப்பேங்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரியகொறற்றிக்கு என்னவோ போலாகிவிட்டது. "கண்ணுக்குள்ள வச்சுப் பாப்பன், நீ போ" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

போகும்போது சீனியம்மா இன்னொன்றும் சொன்னாள். அடைப்பெட்டிக்குள் முட்டைகளோடு ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த பெரிய இரும்பு ஆணியும் கிடந்தன. "அந்த ஆணிய மட்டும் எடுத்துறாதீங்க. இடி விழுந்தா முட்ட கூழாப் போயிரும். இரும்பு கெடந்தா ஒண்ணும் அண்டாது."

"ஓமோம், இடி வந்து உன்ர ஆணியைக் கண்டு பயந்து ஓடும்" என்று சிரித்தாள் மரியகொறற்றி.

இடி விழவில்லை. விழுந்தது வெடி. அதுவும் சொந்த வீட்டு வெடி.

இலங்கை கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வென்ற இரவு அது. யுத்த காலத்துக் கொழும்பில் சத்தம் கேட்டால் சனம் முதலில் பிள்ளைகளைத்தான் எண்ணும். அன்றைக்கு மட்டும் ஊரே சந்தோஷத்தில் வெடித்தது. மரியகொறற்றியின் கணவர் ஸ்ரனிஸ்லாஸ், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், ஒரு சரம் சீனவெடி வாங்கி வைத்திருந்தார். அவருக்குக் கிரிக்கெட் பைத்தியம் உண்டுதான். ஆனால் வெடி வாங்கியது அதற்காக மட்டுமல்ல. தோற்றால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வென்ற பிறகு வெடி கொளுத்தாத தமிழ் வீடென்று பெயர் வந்தால் நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது? எனவே எல்லாருக்கும் கேட்கட்டுமென்று வாசலில், கோழிக்கூட்டுக்கு நாலு முழத் தூரத்தில், சரத்தைத் தொங்கவிட்டுக் கொளுத்தினார். அரசாங்கத்துக்குக் கேட்டதோ தெரியாது, கோழிக்குக் கேட்டது.

விடியப் பார்த்தால் கோழி தகரக் கூரையின் உச்சியில் நின்றது. சோறு காட்டியும் இறங்கவில்லை. பிடித்து வந்து பெட்டியில் வைத்தால் முட்டையைக் கண்டு பேயைக் கண்டதுபோல் பறந்தது. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறியள்! அவள் வயித்தைக் கிழிச்சுக்கொண்டு படுத்திருக்கிறாள், வந்து கேட்டால் நான் எந்த முகத்தோட நிப்பன்?"

ஸ்ரனிஸ்லாஸ் தலையைச் சொறிந்தார். பிறகு, "வெதுவெதுப்பான தண்ணியில விட்டுப் பாப்பமே கொறற்றி? உயிர் இருந்தால் ஆடுமெண்டு எங்கட அம்மா சொல்லுறவ" என்றார்.

நம்பிக்கையில்லாமல்தான் சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்தாள். முதல் முட்டை மிதந்து சும்மா கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முட்டை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. யாரும் தொடவில்லை, காற்றுமில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முட்டை தானாக, உள்ளே யாரோ புரண்டு படுப்பதுபோல் ஆடியது. சட்டியைச் சுற்றிச் சின்ன வளையமாக அலை போயிற்று.

மரியகொறற்றி சட்டிக்கு முன்னால் அப்படியே குந்திவிட்டாள். ஆயிரக்கணக்கில் முட்டை உடைத்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஐயோ, ஆள் இருக்குது!" என்றாள். இப்படி ஆடிய முட்டைகள் ஐந்து.

பிஸ்கட் தகரத்துக்குள் பழந்துணி விரித்து, மேலே மின்குமிழைத் தொங்கவிட்டு, அன்றைக்குக் கட்லட்டை மறந்து காவல் இருந்தாள். அடுத்த நாள் கரண்ட் போனது. ஒரு மணித்தியாலம் பொறுத்தாள். தகரம் ஆறியது. பிறகு யோசிக்கவில்லை. பழைய சேலைத் துண்டில் ஐந்தையும் வரிசையாகச் சுற்றி, வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே தளர்ந்த ஹவுஸ்கோட்டைப் போட்டுக்கொண்டாள். அடைப்பெட்டியைக் கடந்து போகையில் ஆணி கண்ணில் பட்டது. இடியை நம்பாதவள்தான். ஆனால் தானாக ஆடிய முட்டையைக் கண்ட பிறகு எதை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்று அவளுக்கே தெளிவில்லை. "எதுக்கும் கிடக்கட்டும்" என்று அதையும் எடுத்து முட்டைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டாள்.

அந்தக் காலத்தில், அந்த நகரத்தில், ஒரு தமிழ்ப் பெண் வயிற்றில் எதையாவது கட்டினால் அதற்குப் பெயர் குண்டு. அது அவளுக்குத் தெரியாததல்ல. வீட்டுக்குள் இருப்பவளுக்கு என்ன வந்தது என்று நினைத்தாள்.

மறுநாள் காலை இராணுவச் சுற்றிவளைப்பு. ஒலிபெருக்கி எல்லாரையும் அடையாள அட்டையோடு தெருவுக்கு வரச் சொன்னது. கதவைத் தட்டிய சிப்பாய் நின்ற நிலையில் அவளை வெளியேற்றினான். அவிழ்க்க நேரமில்லை. அவிழ்த்து ஆறிய தகரத்தில் போடவும் மனமில்லை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அவளுடைய அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. பெண் பொலிஸ் அதை ஒரு முறைக்கு இரு முறை பார்த்தாள். பிறகு கையிலிருந்த உலோகம் தேடும் கருவியை உடம்போடு ஓட்டினாள். வயிற்றருகே அது கீச்சிட்டுக் கத்தியது.

வரிசை சிதறியது. யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு சிப்பாய் துவக்கை நீட்டி, "அத் உஸ்ஸண்ட!" என்று கத்தினான். மரியகொறற்றி கை இரண்டையும் தூக்கினாள். தூக்கியபோது முடிச்சு நழுவியது.

கையை இறக்கினால் சுடுவான். இறக்காவிட்டால் முட்டை விழும். வயிற்றை முன்னே தள்ளி, முழங்கையால் பக்கத்தை நெருக்கி, சிலைபோல் நின்றாள். ஆண்கள் வரிசையில் ஸ்ரனிஸ்லாஸ் அழுவது கேட்டது. செத்துவிடுவேன் என்று நினைத்தாள். என்னோடு இதுகளும் சாகுமே என்றும் நினைத்தாள். இரண்டாவதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"பித்தர, நோனா... பித்தர" என்றாள். முட்டை என்று சொன்னதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

அப்போது வயிற்றுக்குள்ளிருந்து, கருவி கத்தியதைவிட மெல்லிய ஒரு சத்தம் வந்தது. கீச். நின்றது. மறுபடியும், கீச், கீச்.

பெண் பொலிஸின் முகம் மாறியது. சிப்பாயைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பொத்தானைக் கழற்றித் துணியை விலக்கினாள். ஒரு முட்டையில் நட்சத்திரம்போல் வெடிப்பு. அதன் நடுவே அரிசி நுனியளவு அலகு, உள்ளேயிருந்து உலகத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆணி. அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"யகட," என்றாள் மெதுவாக. இரும்பு. பிறகு சிங்களத்தில், "எங்கள் அம்மாவும் வைப்பாள். இடிக்கு" என்றாள்.

இடிக்கென்ற வார்த்தையைக் கேட்டதும் மரியகொறற்றிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தூக்கிய கையை அப்போதும் இறக்கவில்லை. பெண் பொலிஸ் தானே துணியை இறுக்கி முடிந்துவிட்டாள். முடிவதற்கு முன் ஆணியைப் பழையபடி முட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். "கெதர யன்ன, இக்மனட" என்றாள். வீட்டுக்குப் போ, சீக்கிரம்.

இதை வைத்து நாடு திருந்திவிட்டதென்று யாரும் கதை கட்ட வேண்டாம். அன்றைக்கு அதே தெருவிலிருந்து இரண்டு பெடியன்களை லொறியில் ஏற்றினார்கள். அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது.

பின்னேரத்துக்குள் நான்கு முட்டை பொரித்தது. ஐந்தாவது கடைசிவரை திறக்கவில்லை. அதை அவள் குப்பையில் போடாமல் மண்ணில் புதைத்தாள். குஞ்சுச் சத்தம் கேட்டு, கூரையிலிருந்த சிவப்பி தானாக இறங்கி வந்து, ஒன்றுமே நடவாததுபோல் செட்டையை விரித்துக்கொண்டு படுத்தது. "இப்ப வந்தாவாம் மகராசி" என்று மரியகொறற்றி திட்டினாள். திட்டும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சீனியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து குஞ்சுகளைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என் ஆணியால ஒங்க உசுருக்கே ஆபத்து வந்திருக்குமேக்கா!"

"வந்தது. அதாலயேதான் உயிர் போகாமலும் இருந்தது."

சில மாதம் கழித்துக் கோழி மறுபடி அடை கிடந்தபோது சீனியம்மா ஆணியைத் தேடி வந்தாள். அது மரியகொறற்றியின் வீட்டில், மாதா படத்துக்கு முன்னால், மெழுகுதிரிப் பக்கத்தில் இருந்தது. துருவைக்கூடத் துடைக்கவில்லை.

"வேற ஆணி தாறன், சீனி. எத்தினை வேணுமெண்டாலும் தாறன்," என்றாள் மரியகொறற்றி. "இதை மட்டும் கேளாதை."