அழாத பிள்ளை

குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் பதினெட்டு வருடமாக டோக்கன் கொடுத்து வந்தவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கறார் பேர்வழி. "அமைச்சரே வந்தாலும் இவகிட்ட நம்பர் வாங்கித்தான் உள்ள போகணும்" என்று கம்பவுண்டர் கிண்டலடிப்பார். ஒரே ஒரு சலுகை உண்டு: வீறிட்டு அழும் பிள்ளையை மட்டும் முன்னால் விட்டுவிடுவாள். அந்தச் சத்தத்துக்கு யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. அக்காவின் தம்பி மனைவி தன் இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு நாளா காய்ச்சல், அண்ணி. நேத்தெல்லாம் ஒரே சிணுங்கல். இன்னைக்கு பாலும் வேண்டாங்குறா, கண்ணும் தெறக்க மாட்டேங்குறா."

அக்கா எட்டிப் பார்த்தாள். குழந்தை சத்தமில்லாமல் கிடந்தது.

"அசந்து தூங்குது, தூங்கட்டும். சொந்தக்காரங்கள முன்னாடி விட்டா நாளைக்கு ஒருத்தரும் என்னை மதிக்க மாட்டாங்க. முப்பத்தி ஒண்ணு. உக்காரு."

அரைமணி கழித்து அவள் மறுபடி வந்தாள். "காலையில இருந்து ஒண்ணுக்கே போகல அண்ணி. உடம்பு கொதிக்குது, கையும் காலும் மட்டும் ஜில்லுனு இருக்கு."

"காய்ச்சல்னா அப்படித்தான். இன்னும் ஏழு பேர்தான் இருக்காங்க." சொல்லிக்கொண்டே, காதுவலியில் அலறிய ஒரு பிள்ளையை உள்ளே அனுப்பினாள்.

முப்பத்தொன்றாவது ஆளாகக் குழந்தை உள்ளே போனதும் மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். மூச்சு இரைத்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் அடியில் குழி விழுந்தது. வயிற்றில் ஊதாப் புள்ளிகள். விரலால் அழுத்தினார். அவை மறையவில்லை.

"ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. எவ்வளவு நேரமா வெளிய உக்காந்திருந்தாங்க?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு மணி இருபது நிமிடம்.

ஊசி போட்டு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மறுநாள் மதியம் குழந்தை போய்விட்டது. "சீக்கிரம் பார்த்திருந்தாலும் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் மருத்துவர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளத்தான் அக்கா பார்த்தாள், தம்பி விடவில்லை.

"நீ யாரோ எவரோவா இருந்திருந்தா அவ சத்தம் போட்டு உள்ள போயிருப்பா. அண்ணி இருக்காங்களேன்னு நம்பி உக்காந்துட்டா."

அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது.

வேலையை அவள் விடவில்லை. விட்டால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? இப்போதெல்லாம் கால்மணிக்கு ஒருமுறை எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே போகிறாள். பாதங்களைத் தொட்டுப் பார்க்கிறாள். "ஒண்ணுக்குப் போச்சா? கூப்பிட்டா உங்க முகத்தைப் பாக்குதா?" என்று கேட்கிறாள். துவண்டு கிடக்கும் பிள்ளைகளை உடனே உள்ளே விடுகிறாள். போன மாதம் அப்படி விட்ட ஒரு குழந்தை பிழைத்தது. தாய் வந்து கையைப் பிடித்து அழுதாள். அக்கா கையை உருவிக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

தம்பிக்கு மறுபடி ஒரு பெண் பிறந்திருப்பதைக் கம்பவுண்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு மருத்துவரிடம் தூக்கிப் போகிறார்களாம்.