எதிர் வீட்டுப் பாடு

பழவேற்காட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா, மீன் செதில் ஒட்டிய கையை முந்தானையில் துடைக்காமல் போனைத் தொடமாட்டார். தெருவுக்கே அவருடைய வைஃபைதான். குடிபோன அன்று என் லினக்ஸ் லேப்டாப்பில் அவரே பாஸ்வேர்டு அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் இணைப்பு வரவில்லை. வைஃபை டிரைவர் மென்பொருளை மாற்றினேன், என்னென்னவோ கட்டளைகள் கொடுத்தேன், பகலெல்லாம் போயிற்று. எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“உங்க பொட்டி நல்லாத்தான்கீது சார். ஏரில முறை வெச்சி வலை போடறோமில்ல, அந்தப் பாடுதான் இதுக்கும். நேத்து உங்க பாடு, இன்னிக்கு எதிர் வூட்டுப் பாடு. யாரு பாடோ அவங்க பேருதான் பாஸ்வேர்டு.”

“அப்ப யாரு வேணும்னாலும் அடிச்சிடலாமேக்கா?”

“அவங்க பாட்டுல நாம எதுக்கு அடிக்கணும்?” என்றார், நிஜமாகவே புரியாமல்.

அவர் போனதும் எதிர் வீட்டுக்காரர் பெயரில் இரண்டு எழுத்து அடித்தேன். மேற்கொண்டு விரல் போகவில்லை.